மணப்பெண்ணுக்குக் காட்டும் அக்கறையைத் தாராவிக்கும் காட்டுங்கள்

மும்பை தாராவியில் எடுத்ததென்று சுற்றும் முகப்படங்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது. தோல் பட்டறைக்காரர், இட்லி அவிக்கும் அக்கா, துப்புரவுத் தொழிலாளி, எல்லாருக்கும் ஒரே முகம்: கருகிய தோல், ஆழச் சுருக்கம், கறுப்பு வெள்ளை. அந்தச் சுருக்கத்தில் பாதி அவர்களுடையதே இல்லை. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், கோடுகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை 60க்குத் தள்ளினால் 25 வயதுக்காரரும் கிழவராகிவிடுவார். கல்யாணப் படத்தில் மணப்பெண் முகத்துக்கு யாராவது இதைச் செய்வார்களா?

பட்டறையில் தரையில் உட்கார்ந்து தைப்பவரை நின்றபடி எடுத்தால், அவர் உங்களிடம் கெஞ்சுவதுபோல் இருக்கும். நீங்களும் உட்காருங்கள். இடம் போதவில்லையென்று 24 எம்எம் லென்ஸை முகத்தருகே நீட்டாதீர்கள், மூக்கு புடைத்துவிடும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 எம்எம், நாலைந்து அடி தள்ளி. முடியாவிட்டால் 35, கையும் தோளும் சேர்த்து.

வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாக மட்டும்தான். ஆளை வாசல் பக்கம் பாதி திரும்பச் சொன்னால் போதும். டியூப்லைட் கலந்தால் ஒரு கன்னம் பச்சையடிக்கும். வேலை கெடாதென்றால் அணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஷட்டர் 1/100 அல்லது 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேகம் கூடினால் படத்தில் பட்டைபட்டையாக விழும்.

கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக வெளுக்கும். பின்னால் வெயில் தெரிந்தால் கரியாக்கும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறையுங்கள். கறுப்பு கறுப்பாகவே, பளபளப்போடு வரும்.

ஏசி காரிலிருந்து இறங்கி இட்லி ஆவிக்குள் நுழைந்தால் லென்ஸில் பனி பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வையுங்கள். அதற்குள் பேர், ஊர் கேளுங்கள். 1936இல் கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த தாயின் முகம் உலகெங்கும் போனது. லாங்கே பேரே கேட்கவில்லை. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று ஊருக்குத் தெரிய நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார்.

"எடுத்துக்கோங்க தம்பி" என்றால் எடுக்க மட்டும்தான் சம்மதம். முகநூலில் போட, கண்காட்சியில் மாட்ட, திரையில் அந்தப் படத்தையே காட்டித் தனித்தனியாகக் கேளுங்கள். சாக்கடைக்குள் இறக்கப்படுபவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2013 சட்டம் கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்கிறது. ஆனால் முகம் வெளியே வந்தால் வேலை போகும் ஆபத்து இறங்கியவருக்குத்தான். அவர் வேண்டாமென்றால் முகத்தை விட்டுக் கையை மட்டும் படமெடுங்கள், படத்தில் பதிந்த, இடம் காட்டும் ஜிபிஎஸ்ஸை அழித்துவிடுங்கள்.

முதல் பிரிண்ட் அவர்களுக்கு. எட்டுக்குப் பத்து அங்குலம், கலரில், லேமினேட் போட்டு. தகரக் கூரை ஒழுகும் ஜூலையில் வெறும் பிரிண்ட் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும்.