காய்கறியைத் தணலில் சுட்டால் ரெட் ஒயின்தான் ஊற்ற வேண்டும்

போன சனிக்கிழமை இங்கே மெல்பர்னில் ஒரு நண்பர் வீட்டில் பார்பிக்யூ. உள்ளே நுழைந்ததும் வீட்டுக்கார அண்ணா ரொம்ப அன்பாகச் சொன்னார், "உனக்குத் தனியா சாலட் பண்ணி வச்சிருக்கும்மா, ஒயிட் ஒயினும் ஃபிரிட்ஜில இருக்கு." அவர் மனதில் ஒரு குறையும் இல்லை, என்னை நினைத்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் ஏழு வருடமாக வீகனாக, அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வருவது எதையும் தொடாமல், இருக்கிற எனக்கு இந்த வரி மனப்பாடம். அடுப்பில் இடம் இறைச்சிக்கு, ரெட் ஒயினும் இறைச்சிக்கு, காய்கறி சாப்பிடுகிறவளுக்கு மட்டும் குளிர்ந்த இலைகளும் குளிர்ந்த ஒயினும். யார் எழுதி வைத்த சட்டம் இது? அன்றைக்கு அவர் தோட்டத்தில் நின்றபடி சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

ரெட் ஒயினின் முக்கியமான சுவை துவர்ப்பு. அதைத் தருகிற பொருளை ஒயின் புத்தகங்களில் டானின், டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை, அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு, பால் விடாத கடுந்தேநீர் எல்லாவற்றிலும் நாக்கை உலர்த்தி இழுப்பது அதுதான். தேநீரில் கொஞ்சம் பால் விட்டதும் துவர்ப்பு அடங்கிப்போகிறதே, ஏன்? பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. மாட்டிறைச்சியோடு ரெட் ஒயின் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்களே, அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: புரதம், கொழுப்பு, மேலே தூவிய உப்பு. சரி, உப்பை எதன் மேலும் தூவலாம், புரதமும் கொழுப்பும் மாட்டிடம் மட்டுமா இருக்கின்றன? எள்ளில் இல்லையா, வேர்க்கடலையில் இல்லையா, முந்திரியிலும் டோஃபுவிலும் கொண்டைக்கடலையிலும் இல்லையா? தணலின் கரிந்த மணம் இறைச்சியிலிருந்து மட்டும் வருவதும் இல்லை. எந்தப் பொருளின் மேல்தோல் கருகினாலும் அந்தப் புகையும் மெல்லிய கசப்பும் வரும், ரெட் ஒயினுக்கு அது போதும்.

அதனால் வீகன் பார்பிக்யூ என்றவுடன் கடைக்கு ஓடிப்போய் பாக்கெட்டில் வருகிற போலி சாசேஜ் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பிடித்தவர்கள் சாப்பிடட்டும். எனக்கு அது இறைச்சி மாதிரி நடிக்க முயன்று காய்கறியின் ருசியையும் தொலைத்த ஒன்றாகத்தான் தெரிகிறது.

என் முதல் ஓட்டு கத்தரிக்காய்க்கு. சிதம்பரம் பக்கத்துக்காரி நான், வேறு எதற்குப் போடுவேன். பாட்டி விறகடுப்பில் சமையல் முடிந்ததும் மிச்சத் தணலில் கத்தரிக்காயைப் புதைத்து வைப்பாள், அதைத் தோலுரித்துப் பிசைந்துதான் எங்கள் வீட்டில் கொத்சு. இங்கே கிடைக்கிற கத்தரிக்காய் ஒவ்வொன்றும் அரைக்கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும், அதுவே இந்த வேலைக்கு வசதி. கரி மூட்டியதும் கொழுந்துவிட்டு எரியும்போது வைக்காதீர்கள், வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கரித்துண்டுகள் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கட்டும். முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு நேராகத் தணலுக்கு மேலே வையுங்கள், ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் காய் தளர்ந்து உட்கார்ந்துவிடும். பயந்து சீக்கிரம் எடுத்துவிடக் கூடாது, தோல் முழுக்கக் கறுத்துச் சுருங்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். சதையோடு இரண்டு மேசைக்கரண்டி எள் விழுது (வறுத்த எள்ளை நல்லெண்ணெய் விட்டு மிக்சியில் அரைத்தாலும் சரி), உப்பு, அரை எலுமிச்சை, அப்புறம் தாராளமாக, உண்மையிலேயே தாராளமாக, கரகரப்பாகப் பொடித்த மிளகு. கிரில்லிலேயே சூடாக்கிய ரொட்டியில் தடவிச் சாப்பிடுங்கள்.

இதற்கு நான் ஊற்றுவது கிராம்பியன்ஸ் பகுதி ஷிராஸ் என்கிற ரெட் ஒயின். மெல்பர்னிலிருந்து மேற்கே காரில் மூன்று மணி நேரம் போனால் வருகிற மலைப்பகுதி அது, தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசாவைவிடக் குளிரான இடம். அங்கத்திய ஷிராஸை மோந்து பார்த்தால் மிளகு மணக்கும். அது வர்ணனைக்காகச் சொல்கிற மிளகு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, நிஜ மிளகின் மணமே அதுதான். ரோட்டண்டோன் என்கிற ஒரே சேர்மம்தான் இரண்டிலும் இருக்கிறது. அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ஷிராஸின் மிளகு மணத்துக்கு இதுதான் காரணம் என்று 2008-இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் மிளகில் அது ஒயினைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். குளிரான இடத்தில் பழுக்கிற திராட்சையில் பொதுவாக இது கூடுதலாக இருக்கும், அதனால்தான் நான் கிராம்பியன்ஸைச் சொல்கிறேன். ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் மூக்குக்கே எட்டவில்லையாம், அதனால் பக்கத்தில் இருப்பவர் "மிளகா? எங்கே?" என்று கேட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். கத்தரிக்காயில் தூவிய மிளகும் கிளாஸிலிருந்து வருகிற மிளகும் சேர்கிற அந்த நொடியில் எனக்கு எங்கள் ஊர்ச் சமையற்கட்டு அப்படியே கண்ணுக்கு முன் வந்துவிடுகிறது. மிளகு போட்ட சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது, இந்தச் சேர்க்கையை அதற்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பரோசா ஷிராஸை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பைலாக்சரா பூச்சி நுழையவே இல்லை. ஐரோப்பாவின் பழைய கொடிகளில் பெரும்பகுதியை அழித்த பூச்சி அது. அதனால் பரோசாவில் 1843-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. நினைத்தாலே மரியாதை வருகிறது. ஆனால் அந்தப் பக்கத்து ஒயின்கள் பலவும் கனம், ஆல்கஹாலும் பதினாலரை சதவீதம் வரை போகும். மென்மையான கத்தரிக்காய்க்கு அது பாரம். குளிர்காலத்தில் ராஜ்மாவைப் புகை மிளகாய்த்தூளோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட குழம்புக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

காளான் பற்றி ஓர் எச்சரிக்கை. வீகனுக்கு ரெட் ஒயின் என்றதும் எல்லாரும் கை காட்டுவது காளானைத்தான். சரியான யோசனைதான், ஆனால் அரைகுறையானது. காளானின் உமாமி சுவை, அதாவது சோயா சாஸிலும் வருகிற அந்த ஆழமான ருசி, டானினோடு மோதி, ஒயினை இன்னும் கசப்பாகவும் வறட்டுத்தனமாகவும் காட்டும். உப்புக் குறைவாகச் சுட்ட பெரிய காளானோடு கனமான கேபர்னே சாவின்யோன் குடித்துவிட்டு "எனக்கு ரெட் ஒயினே ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். உப்பும் புளிப்பும்தான் இதற்கு மருந்து. உள்ளங்கை அகல போர்ட்டபெல்லோ காளானை எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகு கலந்து பூசிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். குழிந்த பக்கம் மேலே பார்க்க முதலில் ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு நாலு நிமிடம். இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இதற்கு யாரா பள்ளத்தாக்கு அல்லது மார்னிங்டன் தீபகற்பத்து பினோ நுவார் என்கிற ரெட் ஒயின். துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு, மண்வாசனையும் காளானோடு ஒட்டிப்போகும்.

காரம் வேறு கணக்கு. மெரினாவில் தணலில் வாட்டி எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிற சோளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதையே இங்கே தோலோடு இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, கிரில்லில் கால் மணி நேரம் சுட்டு, கடைசியில் தோலை உரித்து நிறம் பிடிக்க வாட்டி, கெட்டித் தேங்காய்ப்பாலில் உப்பும் மிளகாய்த்தூளும் குழைத்துத் தடவுகிறேன். ஆல்கஹால் கூடக் கூட மிளகாயின் எரிச்சலும் கூடும், அதனால் பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருக்கிற ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். பதின்மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிரான்ஸின் போஜலே பகுதி கமே திராட்சை ஒயின் கிடைத்தால் அதைக் குளிர வைத்து ஊற்றுங்கள்.

குளிர வைப்பது கமேக்கு மட்டும் இல்லை. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்கிற பேச்சு குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. ஜனவரி மாத மெல்பர்ன் வெயிலில், முப்பத்தைந்து டிகிரியில், தோட்டத்து மேசையில் நிற்கிற பாட்டிலை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். எந்த ரெட் ஒயினாக இருந்தாலும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள்.

டோஃபு சுவையே இல்லாதது என்பவர்கள் அதை உறைய வைத்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கெட்டி டோஃபுவை ஃபிரீசரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் உருகவிட்டுப் பிழிந்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். சோயா சாஸ், தக்காளி விழுது, புகை மிளகாய்த்தூள், சீரகத்தூள், எண்ணெய். சிவப்பு வெங்காயம், குடைமிளகாயோடு குச்சியில் கோத்துச் சுட்டு, மேலே வேர்க்கடலை சாஸ். கடலையை வறுத்து அரைத்து, கொஞ்சம் புளிக்கரைசலும் உப்பும் சேர்த்தால் சாஸ் தயார். தெற்கு ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேல் பகுதி கிரெனாஷ் ஒயின் இதோடு அவ்வளவு அழகாகப் போகும், பழ வாசனை அதிகம், துவர்ப்பு பதமாக இருக்கும், இருக்கிற துவர்ப்பையும் கடலை வாங்கிக்கொள்ளும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், பாட்டில் பார்பிக்யூ சாஸைத் தயவுசெய்து இதன் மேல் கொட்டாதீர்கள். பெரும்பாலும் அதில் சர்க்கரை ஏராளம். தட்டில் இனிப்பு ஏறினால் இனிப்பில்லாத ஒயின் புளித்துப் போனதுபோலத் தெரியும், அப்புறம் குற்றம் ஒயின் மேல் வரும்.

இப்போது இந்தப் பதிவில் எனக்கு மிக முக்கியமான விஷயம். எல்லா ஒயினும் வீகன் இல்லை. திராட்சையிலிருந்து வருவதுதானே என்று நானும் முதல் இரண்டு வருடம் விசாரிக்காமல் குடித்திருக்கிறேன், தெரிந்த அன்று மனசு கஷ்டப்பட்டது. ஒயினைத் தெளிய வைக்கவும் துவர்ப்பைக் குறைக்கவும் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதமான கேசீன், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் பயன்படுத்துவது உண்டு. தேநீரில் பால் செய்கிற அதே வேலைதான், டானினைப் பிடித்து அடியில் படியவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வாமைக்காக முட்டை, பால் இரண்டையும் லேபிளில் போட வேண்டும். மீன் பசைக்கு விதிவிலக்கு, ஜெலட்டின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் லேபிளில் எதுவும் எழுதவில்லை என்பதற்காக வீகன் என்று அர்த்தம் ஆகாது. பென்டோனைட் என்கிற களிமண்ணோ பட்டாணிப் புரதமோ வைத்துத் தெளிய வைப்பவர்கள் இருக்கிறார்கள், தெளிய வைக்காமலே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். பாட்டிலில் வீகன் முத்திரை தேடுங்கள், இல்லாவிட்டால் பார்னிவோர் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் ஒயின் ஆலைக்கே ஒரு மின்னஞ்சல். நான் எழுதிய பல இடங்களிலிருந்து ஒரே நாளில் பதில் வந்திருக்கிறது.

கரி அடுப்பு இல்லாதவர்களுக்கு இங்கே பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகிற இலவச பார்பிக்யூ தட்டுகள் இருக்கின்றன. முந்தைய ஆள் சுட்ட இறைச்சிக் கொழுப்பு ஒட்டியிருக்கும், அதனால் நான் பேக்கிங் பேப்பர் விரித்துத்தான் வைப்பேன். கத்தரிக்காய் அதில் சரியாக வராது, டோஃபுவும் காளானும் வரும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி மூட்டவே கூடாது, பூங்காவில் ஒயின் திறக்கலாமா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பார்த்துக்கொண்டு போங்கள். மது தொடாதவர்களுக்கு என் வீட்டில் கடுந்தேநீரை ஆறவைத்து மாதுளைச் சாறு கலந்து தருகிறேன். துவர்ப்பு, புளிப்பு, நிறம் மூன்றும் அதில் உண்டு, கத்தரிக்காயோடு நன்றாகவே சேர்கிறது.

நேற்று இதையெல்லாம் அண்ணாவிடம் போனில் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன், பாதி கேட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். இன்று காலை அவரிடமிருந்து ஒரு படம், கிரெனாஷ் பாட்டிலின் பின்பக்க லேபிள். "இது வீகன்தானா பார்த்துச் சொல்லும்மா, ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு வாங்கிடறேன். கத்தரிக்காய் நீ கொண்டு வந்துடு."

பார்த்துவிட்டேன், வீகன்தான்.