டஸ்டி அந்த ஆல்பத்தை மெம்பிஸில் பாடவில்லை
பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் 'டஸ்டி இன் மெம்பிஸ்' ஆல்பத்துக்கு உயிர் கொடுத்ததே அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஸ்டூடியோவில் நின்று அவர் பாடியதுதான் என்று அந்த ஆல்பம் பற்றிய ஒரு கட்டுரையில் வருகிறது. அது சரியில்லை. 1968இல் மெம்பிஸின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் வாத்திய இசை பதிவானது உண்மை. ஆனால் நாம் கேட்கிற குரல் பிறகு நியூயார்க்கில் பதிவானது. பெரிய சோல் பாடகரான வில்சன் பிக்கெட் நின்று பாடிய இடம் இது என்று மெம்பிஸில் யாரோ சொன்னதுமே டஸ்டிக்குக் கையும் காலும் ஓடவில்லை. அதை நான் அப்படியே நம்புகிறேன். கல்யாணக் கச்சேரிகளில் பதினாலு வருஷமாகப் பாடுகிறேன். முதல்முறை ஸ்டூடியோவுக்குப் போனபோது, என் ஊரே கொண்டாடும் ஒரு பாடகி அதே மைக்கில் பாடியிருக்கிறார் என்றார்கள். பல்லவியின் முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. மறுவாரம் வேறொரு சின்ன அறையில்தான் பாடி முடித்தேன். அதனால் அந்த ஆல்பத்தின் 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்' பாட்டைக் கேட்கும்போதெல்லாம், சத்தம் போடாமல், மூச்சுக்கு நெருக்கமாக வரும் அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை பயம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் 1960களோடு டஸ்டியின் கதை முடிந்தது என்று எழுதியிருக்கிறார். 1987இல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவோடு அவர் பாடிய 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்' பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போனதே! அதில் அவர் பகுதி வரும் இடத்தை மட்டும் ஒருமுறை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.