கடைசித் தவணைக்குப் பிறகு

சம்பள உயர்வு தரும் மகிழ்ச்சி இரண்டு மூன்று மாதங்களில் பழகிப்போய்விடும். கடனை அடைத்து முடித்தபின் வரும் நிறைவு அவ்வளவு எளிதில் பழகிப்போவதில்லை. நீண்ட காலக் கடன் ஒன்றை முழுவதுமாக அடைத்துவிட்டு, இப்போது சிறிது சிறிதாகச் சேமிப்பை வளர்த்துவரும் நிலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அடுத்த ஆண்டு என்ன செய்யலாம் என்று நாமே முடிவெடுக்கும் உரிமை திரும்பக் கிடைக்கிறதே, கையில் மிஞ்சும் பணத்தைக் காட்டிலும் அதுதான் பெரிய பேறு. தவணை ஓடிக்கொண்டிருக்கும்வரை, பிடிக்காத வேலையை விடுவதா, மேற்கொண்டு படிப்பதா, பெற்றோரின் உடல்நிலைக்காகச் சில மாதங்கள் விடுப்பு எடுப்பதா என்ற எந்தக் கேள்விக்கும் விடை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. சம்பளம் நிற்கக் கூடாது என்பதே அந்த விடை.

கடன் வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடன் கணக்கு அறிக்கையை ஒருமுறையாவது வரிவரியாகப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 1 லட்சத்தை 20 ஆண்டுகளுக்குக் கடனாக எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 1,101 வரும். முதல் மாதம் நாம் கட்டும் 1,101இல் வட்டிக்கே 1,000 போய்விடும். அசலில் கழிவது வெறும் 101. அசல் சரிபாதியாகக் குறைவதற்கே கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் பிடிக்கும். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது, வாங்கிய 1 லட்சத்துக்கு நாம் கட்டியிருக்கும் தொகை 2 லட்சத்து 64 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். தவணை தவறாமல் கட்டிவரும் ஒருவர், சில ஆண்டுகள் கழித்தும் நிலுவைத் தொகை அசையவே இல்லையே என்று மனம் நொந்துபோவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அதில் அவருடைய குறை எதுவும் இல்லை.

அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும் என்பதை வெகுசிலரே கவனிக்கிறார்கள். மேலே சொன்ன கடனில் மாதந்தோறும் 10 விழுக்காடு, அதாவது சுமார் 110 கூடுதலாகக் கட்டினால், 240 மாதக் கடன் 176 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியில் 51 ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகும். கூடுதலாகக் கட்டும் தொகை முழுவதும் அசலில் கழிவதும், கழிந்த அசலுக்கு அதன்பின் எந்த மாதமும் வட்டி இல்லாமல் போவதும்தான் இதற்குக் காரணம். கூடுதல் தொகையைக் கட்டும்போது, தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்வதே நல்லது, ஏனென்றால் தவணையைக் குறைத்தால் மிஞ்சும் சிறு தொகை எங்கே போனதென்று தெரியாமலே கரைந்துபோகும். அறிக்கையில் அசல் என்ற கட்டத்தில் உள்ள எண், பக்கத்தில் உள்ள வட்டிக் கட்டத்து எண்ணை முதன்முதலாக முந்தும் மாதம் ஒன்று வரும். அந்த ஒற்றை வரியைப் பார்த்த நாளில் எனக்குக் கிடைத்த தெம்பை வேறு எந்த அறிவுரையும் தந்ததில்லை.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. வட்டி மிகுந்ததை முதலில் அடைப்பதே கணக்குப்படி லாபம், அதில் ஐயமில்லை. ஆனால் மனிதர்கள் கணக்கை மட்டும் கொண்டு வாழ்வதில்லை. கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்து மூடுகிறவர்கள், மீதமுள்ள கடன்களையும் அடைத்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்களின் நாள்பட்ட கடன்கள் தீர்க்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். தீர்க்கப்பட்ட தொகை ஒரே அளவாக இருந்தபோதும், எத்தனை கடன் கணக்குகள் முடிந்தன என்பதைப் பொறுத்தே கவலை குறைந்ததும், சிந்தனைத் திறன் மேம்பட்டதும் தெரியவந்தது. ஒவ்வொரு கடனும் மனத்தில் தனித்தனியே இடம்பிடித்துக்கொள்கிறது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். என் கருத்தில், மாதம் 3 விழுக்காடு வட்டி ஏறும் கிரெடிட் கார்டு நிலுவை, கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும் என்பதால், அதை முதலில் அடைப்பதில் மட்டும் விதிவிலக்கே கூடாது. மற்றவற்றில் வட்டி வேறுபாடு சிறியதாக இருந்தால், சின்னக் கடனை முதலில் தீர்த்து மூச்சு விட்டுக்கொள்வதில் தவறில்லை.

கடன் முழுவதும் தீரும்வரை சேமிப்பைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கையிருப்பு எதுவும் இல்லாமல் உள்ளதையெல்லாம் கடனில் கொட்டுகிறவர், வீட்டில் ஒருவருக்குத் திடீரென மருத்துவச் செலவு வந்தால் மறுபடியும் கடன்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தப் புதுக் கடனின் வட்டி பெரும்பாலும் பழையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு மாதச் செலவுக்கான தொகையாவது தனியாக இருந்தால், அந்த அவசரம் கடனாக மாறாமல் செலவாகவே முடிந்துபோகும். வட்டிக் கணக்குப்படி பார்த்தால் இது சிறு நட்டம்தான். அந்த நட்டத்துக்கு ஈடாக இரவில் நல்ல தூக்கம் கிடைக்கிறதென்றால் அதை மனமாரக் கொடுக்கலாம்.

கடன் முடிந்ததும் கவனம் சிதறுவது இயல்பு. நிலுவை இல்லை என்ற சான்றையும், ஈடாகக் கொடுத்த அசல் பத்திரங்களையும், கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலைகளையும் ஒன்று விடாமல் சரிபார்த்துத் திரும்பப் பெற வேண்டும். கடன் வரலாற்று அறிக்கையில் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதுக் கடன் தருகிறோம் என்ற அழைப்புகள் சரியாக இந்தச் சமயத்தில்தான் வரத் தொடங்கும். ஒழுங்காகக் கட்டியவர் என்ற நற்பெயரை அடுத்த கடனுக்கான தகுதியாக மட்டுமே பார்க்கும் அந்தக் குரல்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

தவணைத் தொகை இல்லாமலே வாழ்ந்து பழகிய குடும்பத்துக்கு, அதைச் சேமிப்புக்கு அனுப்புவது புதுச் சுமையே அல்ல. முன்பு சொன்ன எடுத்துக்காட்டில், 64 மாதங்கள் முன்னதாகக் கடனை முடித்தவர் கூடுதல் தொகையோடு கட்டிவந்த அதே 1,211ஐ அந்த 64 மாதங்களும் ஒதுக்கிவந்தால், வட்டி எதுவும் சேராமலே 77 ஆயிரத்துக்கு மேல் அவர் கையில் இருக்கும். கூடுதலாக எதுவும் கட்டாதவர் அப்போதுதான் கடைசித் தவணையைக் கட்டிக்கொண்டிருப்பார். நானும் தவணை போய்க்கொண்டிருந்த அதே தேதியில் அதே தொகை சேமிப்புக் கணக்குக்குச் செல்லும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை அது அங்கேயே இருக்கும். முதலீடு பற்றிய யோசனையெல்லாம் அதன் பிறகுதான். கடைசிச் சில தவணைகளில் இருப்பவர்கள், இந்த ஏற்பாட்டைக் கடன் முடிவதற்கு முந்தைய மாதமே செய்து வைத்துவிடுங்கள். இடையில் ஒரு மாதம் விட்டால்கூட, அந்தத் தொகைக்கு வீட்டில் வேறு செலவு முளைத்துவிடும்.