மழைக்காலத்தில் லாவோஸ்: வேண்டாம் என்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில்

ஆடி மாதம் ஐந்தருவிக்கு முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள்தான் என்னிடம், "மழைக்காலத்தில் யாராவது வெளிநாடு போவார்களா, அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால்தான் சீசன். சாரல் பத்து நாள் தள்ளிப்போனால் குற்றாலத்து லாட்ஜ்காரர்களின் முகம் வாடிவிடும். அப்படிப்பட்ட வட்டாரத்தில் இருந்துகொண்டு, மழையைக் காரணம் காட்டி ஒரு நாட்டையே ஒதுக்கச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மைத்துனர் இன்னும் ஒருபடி மேலே போய், "அத்தான், டிசம்பரில் போங்கள், எல்லோரும் அப்போதுதான் போகிறார்கள்" என்றார். எல்லோரும் போகட்டும். கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடி வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் காய்கறி லோடு அனுப்புகிறவன் நான். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பாவூர்சத்திரம் சந்தையில் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன். தை வரை செங்கோட்டைச் சாலையில் வண்டி நகராது, கடையை விட்டு என்னாலும் நகர முடியாது. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிடக் கிடைப்பது ஓணம் முடிந்த பிறகு வரும் புரட்டாசிப் பக்கம்தான். லாவோஸில் மே மாதம் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீளும். ஆகஸ்ட், செப்டம்பரில் மேகோங் ஆறு கரை தொட்டு ஓடும். ஆகவே போகலாமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது. எப்படித் திட்டம் போடுவது என்பதில்தான் இப்போது சண்டை.

தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நம் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாட்டின் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். தமிழ்நாட்டைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரிய நாடு. மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் குறைவு. கடலே கிடையாது. பெயர் தெரிந்த சிலருக்கும் அது கெட்ட செய்தியாகவே தெரிந்திருக்கிறது. கணினி வேலை என்று ஆசைகாட்டி நம் பையன்களை அழைத்துப்போய், பொக்கேயோ மாகாணத்தின் தங்க முக்கோணப் பொருளாதார மண்டலத்தில் இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்த கதைகள் பத்திரிகைகளில் வந்தன. இந்தியத் தூதரகம் பலரை மீட்டு அனுப்பியிருக்கிறது. அதனால்தான் பெரியப்பா, "இந்த வயதில் உனக்கு அங்கே யார் வேலை கொடுக்கிறார்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். சிரிக்க முடியவில்லை. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடப் பதிவையும் அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன். குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டலாம், பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

என்னை இழுப்பது ஒரு கோயில். நாட்டின் தென்கோடியில் சம்பாசக் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது வாட் பூ. அந்த மலையின் உச்சியில் இயற்கையாகவே லிங்கம் போல ஒரு பாறை நிற்கிறது. பழைய பெயரே லிங்கபர்வதம். மலைச்சுனைத் தண்ணீரைக் கல்வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து, கருவறை லிங்கத்தின்மேல் இடைவிடாமல் விழும்படி கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்தில் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று அந்த வட்டாரத்தில் கிடைத்தது. தேவானீகன் என்ற அரசன் ஒரு தீர்த்தத்துக்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் வைத்த செய்தி அதில் இருக்கிறது. இன்று கருவறையில் புத்தர். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் கோயிலின் சீரமைப்பில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் வேலை செய்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்காகவே எழுப்பிய கோயிலை மழைக்காலத்தில் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது?

மழையைப் பற்றிப் பேசுவோம். எல்லையில் பிழைக்கிறவனுக்கு ஒன்று தெரியும்: மழைக்காலம் என்று காலண்டரில் எழுதிவிட்டால் எல்லா ஊரிலும் ஒரே மழை பெய்துவிடாது. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் கொட்டு கொட்டென்று கொட்டும். செங்கோட்டையில் சாரல். அதே நேரத்தில் சங்கரன்கோவிலில் வெயில் மண்டையைப் பிளக்கும். நடுவே இருப்பது ஒரு மலைத்தொடர். லாவோஸுக்கும் வியட்நாமுக்கும் நடுவில் இருக்கும் அன்னமைட் மலைத்தொடரும் இதே வேலையைத்தான் செய்கிறது. தென்மேற்குக் காற்று மழையை லாவோஸ் பக்கத்தில் இறக்கிவிட்டு, ஈரம் வற்றி, சூடாகி மறுபக்கம் இறங்குகிறது. அந்த அனல்காற்றுக்கு வியட்நாம்காரர்கள் லாவோஸ் காற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஹுவே, தா நாங் பக்கம் அடைமழை, புயல். லாவோஸைக் கேரளம் என்றும் நடு வியட்நாம் கடற்கரையைத் தமிழ்நாடு என்றும் வைத்துக்கொண்டால் பாடம் முடிந்தது. புரட்டாசியில் லாவோஸ் போகிறவன், "அப்படியே வியட்நாமையும் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிழக்கே திரும்பினால் ஒரு மழையிலிருந்து இன்னொரு மழைக்குள் நடப்பான்.

லாவோஸுக்கு உள்ளேயும் வேறுபாடு உண்டு. தெற்கே போலவேன் பீடபூமியில் பாக்சோங் என்ற காப்பித் தோட்ட ஊரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. வடக்கே லுவாங் பிரபாங்கில் அதில் பாதிகூடக் கிடையாது. பெரும்பாலான நாள்களில் பிற்பகலிலும் இரவிலும் கொட்டிவிட்டுக் காலையில் வெளுத்துவிடும் என்கிறார்கள். இதையெல்லாம் பார்க்காமல், "மழைக்காலம் வேண்டாம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்களை என்ன சொல்வது.

ஒரு பயண ஏற்பாட்டாளர் எனக்கு அனுப்பிய அட்டவணை இன்னும் வேடிக்கை. தலைநகர் வியன்டியான், வாங் வியங், லுவாங் பிரபாங், போன்சவன், தாகேக், பாக்சே என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வொரு ஊர். ஒரு நாள் சாலை அடைபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அடைபடாது, சார்" என்றார். மழையில் மலைச்சாலை அடைபடாது என்று சொல்கிறவர் ஒரு முறையாவது எங்கள் புளியரை எஸ் வளைவுக்கு வந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு லாரி படுத்துவிட்டால் பின்னால் நிற்கும் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் யார் பேச்சையும் கேட்காது. மழை மாதங்களில் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஒரு லோடு சிக்கிக்கொண்டாலும் அதை நம்பி அடுத்த லோடு நிற்காதபடி பார்த்துக்கொள்வோம். பயண அட்டவணைக்கும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறேன்.

ஆகவே ஊர்களின் எண்ணிக்கையை வெட்டினேன். முதல் தளம் தெற்கே இருக்கும் பாக்சே. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் உபோன் ராட்சதானி, அங்கிருந்து சோங் மெக் எல்லை, நடந்தே லாவோஸ். தாய்லாந்து லாவோஸ் எல்லையில் மேகோங்கைத் தாண்டாமல் தரை வழியாகக் கடக்கிற இடம் அது. எல்லைச் சாவடியிலேயே பிழைப்பவனுக்கு விமான நிலையத்தைவிட இது பிடித்திருக்கிறது. விசாவை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். டாலர் நோட்டு மடிப்பு, கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். இ-விசா எல்லாச் சாவடியிலும் செல்லாது என்பதால் அதை எடுப்பவர்கள் தங்கள் நுழைவிடம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்சேயில் உட்கார்ந்துவிட்டால் மூன்று திசையில் மூன்று வேலை. தெற்கே நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் வாட் பூ. கிழக்கே ஏறினால் போலவேன் பீடபூமி, பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிவைத்த காப்பித் தோட்டங்கள், நூறு மீட்டருக்கும் மேலிருந்து இரட்டையாக விழும் தாட் ஃபேன் அருவி. இன்னும் தெற்கே கம்போடிய எல்லையில் மேகோங் பல கிளையாகப் பிரியும் சி பான் டான் தீவுகள். கோன் பாப்பெங் அருவி அங்கேதான். இந்த அருவிகளால் படகு மேலே ஏற முடியாமல், பிரெஞ்சுக்காரர்கள் தீவுகளுக்குள் ஒரு குட்டி ரயில் பாதையே போட்டுச் சரக்கைக் கொண்டுபோனார்கள். எந்தத் திசையில் மேகம் குறைவோ அன்று அந்தத் திசை. எல்லாப் பக்கமும் கொட்டினால் பாக்சேயிலேயே காப்பி. வீட்டுக்காரிக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த பகுதி, தினமும் பெட்டி கட்ட வேண்டாம் என்பது.

பிறகு விமானத்தில் வியன்டியான், அங்கிருந்து லுவாங் பிரபாங். முன்பு அது மலைச்சாலையில் ஒரு முழுப் பகலைத் தின்கிற பயணம். மழையில் மண் சரிந்தால் ராத்திரியையும் சேர்த்துத் தின்னும். 2021 டிசம்பரில் சீனாவின் உதவியோடு திறந்த ரயில், வியன்டியானிலிருந்து சுமார் 2 மணி நேரத்தில் கொண்டுபோய்விடுகிறது. பாதையில் பாதிக்கு மேல் சுரங்கமும் பாலமும் என்பதால் காட்சி விட்டு விட்டுத்தான் கிடைக்கும். இந்த ரயிலுக்காக லாவோஸ் வாங்கிய கடன் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது, அது இன்னொரு நாள். மழைக்காலப் பயணிக்கு அது வரம்.

ஆனால் வடக்கை இறுக்கிக் கட்டவில்லை. 2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் வியட்நாமைத் தாண்டி வந்து லுவாங் நம்தா, லுவாங் பிரபாங் பக்கம் வெள்ளம் விட்டது. அப்படி ஒன்று வந்தால் வியன்டியானிலேயே இருந்துவிடுவோம். தாகேக் பக்கத்துக் கோங் லோர் குகைக்குள் 7 கிலோமீட்டருக்கு மேல் படகில் போகலாம் என்று மகன் ஆசைகாட்டினான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதை மூடிவிடுவார்கள்; புரட்டாசியில் அதை நம்பி ஒரு மாகாணத்துக்கே போக முடியாது. அந்த ஊரைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். குவாங் சி அருவியின் நீலப் பச்சை நிறத்தையும் எதிர்பார்க்கவில்லை. படத்தில் பார்ப்பது வறண்ட மாதத்து நிறம். இப்போது கலங்கல்தான் வரும்.

வீட்டில் பெரிய வருத்தம் போன்சவனை விட்டதில். மேட்டுநிலமெங்கும் சிதறிக் கிடக்கும் பழங்காலக் கல்ஜாடிகளை வீட்டுக்காரி பார்க்க வேண்டும் என்றாள். அது நீண்ட மலைச்சாலை. கூடவே இன்னொரு விஷயம். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்த நாட்டின்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகள் சிதறவிட்ட சிறு குண்டுகளில் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணில் கிடக்கின்றன. போன்சவன் வட்டாரம் அதில் மிக மோசம். குறியிட்ட பாதையில் நடந்தால் ஆபத்தில்லை, ஆண்டு முழுவதும் ஆட்கள் போய்த்தான் வருகிறார்கள். ஆனாலும் மழை மண்ணை அரித்துப் புதைந்ததை வெளியே தள்ளும் காலத்தில் அங்கே போக எனக்கு மனமில்லை. தெற்கிலும் இதே எச்சரிக்கை உண்டு. ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்குவதில்லை என்று மகனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் சொல்வதே சட்டம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்துகொண்டிருக்கும். லாவோஸிலும் அருவிக்காரர் "இறங்காதே" என்றால் மொழி புரியாவிட்டாலும் கேட்பேன். வாடகை ஸ்கூட்டரும் கிடையாது; அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஈரச் சாலையில் கை பழக அது நேரமில்லை. நாட்டுச் சாராயம் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் வாங் வியங்கில் மெத்தனால் கலந்த மது குடித்து வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். டெங்கு அங்கேயும் மழைக்கால விருந்தாளி. கொசு மருந்துக் குழாய் பையில் ஏறிவிட்டது.

இந்தப் பருவத்தில் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் அங்கே பிக்குகளுக்கு மழைக்கால விரதம். ஊர் ஊராக அலையாமல் ஒரே மடத்தில் தங்க வேண்டும் என்பது புத்தர் காலத்து விதி. நம் சாதுர்மாசியமும் அதே கணக்குத்தான். காலையில் பிச்சைக்கு வரும் வரிசையில் அதனால் ஆள் குறையாது. ஒட்டும் அரிசிச் சோற்றை மக்கள் பாத்திரத்தில் உருட்டிப் போடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் அமாவாசையை ஒட்டி, இறந்தவர்களுக்காக விடியலில் சோற்றுப் பொட்டலம் வைக்கும் பண்டிகையும் வருகிறது. லுவாங் பிரபாங்கில் அதோடு படகுப் போட்டியும் நடக்கும். நாங்கள் போவதற்குள் அது முடிந்திருக்கலாம். மகாளய அமாவாசைக்கு எள் இறைக்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கவலை வீட்டுக்காரியுடையது, புரட்டாசிச் சனிக்கிழமை. பப்பாளிச் சாலட்டில்கூட ஊறவைத்த மீன் சாறு ஊற்றுகிற நாடு. சனிக்கிழமைகளில் வெறும் சோறும் பழமும், கூடவே நம் வீட்டுப் பருப்புப் பொடியும். பணம் கிப், ஒரு ரூபாய்க்கு இருநூறுக்கு மேல் கிடைக்கும். அதை வைத்து மைத்துனர் என்னை லட்சாதிபதி என்று கிண்டல் செய்கிறார்.

கொச்சி பாங்காக் டிக்கெட் போட்டாகிவிட்டது. உபோன் ரயிலுக்கும் பாக்சேயில் முதல் சில இரவுகளுக்கும் பதிவு செய்தாகிவிட்டது. வியன்டியான் விமானத்தையும் லுவாங் பிரபாங் ரயிலையும் பாக்சே போய், வானத்தைப் பார்த்துப் பதிவு செய்வேன். திரும்பும்போது நோங் காய் பாலம் வழியாகத் தாய்லாந்து, ராத்திரி ரயில், விமானத்துக்கு முன்னால் பாங்காக்கில் ஒரு முழு நாள் சும்மா. அந்தச் சும்மா நாளில் எங்காவது சுற்றிப் பார்க்கலாமே என்று மகன் இன்னும் நச்சரிக்கிறான். அதைத் தொட விடமாட்டேன்.