6,000 ரூபாய்க்கு 4கே தியேட்டரா?

"6,000 ரூபாய் புரொஜெக்டர், 9,000 லூமென்ஸ், 4கே சப்போர்ட், பட்டப்பகலிலும் தியேட்டர் மாதிரி தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

'4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் விழுவது அதன் 'நேட்டிவ்' ரெசல்யூஷன், அதாவது கருவியால் உண்மையில் காட்ட முடிந்த புள்ளிகளின் எண்ணிக்கை. இந்த விலையில் அது பெரும்பாலும் 1280x720. உண்மையான 4கே என்பது 3840x2160, அதாவது ஒன்பது மடங்கு புள்ளிகள்.

லூமென்ஸ், அதாவது புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவு. அந்தக் கணக்கு இன்னும் மோசம். வெறும் 'லூமென்ஸ்' என்று போட்டால் எப்படி அளந்தார்கள் என்றே தெரியாது. பார்க்க வேண்டியது ஆன்சி (ANSI என்ற அமெரிக்கத் தர அமைப்பின் முறையில் அளந்த) லூமென்ஸ்: வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். இந்த மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது சில நூறுதான். 100 அங்குலச் சாதாரண வெள்ளைத் திரையில் தியேட்டர் அளவு வெளிச்சம், அதாவது 48 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு), வரவே 400 ஆன்சி லூமென்ஸுக்கு மேல் வேண்டும். அதுவும் கும்மிருட்டு அறையில். பகலில் ஜன்னலைத் திறந்தால் கறுப்பு நிறமெல்லாம் சாம்பலாகிவிடும்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. தயவுசெய்து நேட்டிவ் ரெசல்யூஷனையும் ஆன்சி எண்ணையும் கேட்காமல் வாங்காதீர்கள்.