கடைசி கமிட் எப்போது என்று கேட்டவர்களுக்கு

இரண்டு நாள்களாகப் பலரும் பகிர்ந்துவரும் அந்த மதிப்பீட்டு அட்டவணையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கும் திறமூல மென்பொருள்கள் சந்தைக்குத் தயாரா இல்லையா என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அளவுகோல்கள் நான்கு: கிட்ஹப் நட்சத்திரங்கள் (நிரல்களைப் பகிரும் அந்தத் தளத்தில் பயனர்கள் இடும் விருப்பக்குறிகள்), கடைசி கமிட்டின், அதாவது நிரலில் கடைசியாகப் பதிவான மாற்றத்தின் தேதி, பங்களிப்பாளர் எண்ணிக்கை, பதிப்பு எண். மென்பொருளை ஒருமுறைகூட நிறுவிப் பார்க்காமல், தேநீர் ஆறுவதற்குள் நிரப்பிவிடக்கூடிய நான்கு கட்டங்கள்.

சிவப்பு வரிகளில் ஒன்று நான் பராமரிக்கும் எழுத்துரு மாற்றி. 'செயல்பாடு இல்லை, கைவிடப்பட்டதாகத் தெரிகிறது' என்பது அதற்கான குறிப்பு. பாமினி, டிஸ்கி, டேப் என்று, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவலாவதற்கு முந்தைய முறைகளில் தட்டச்சான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது அதன் வேலை. அந்தப் பழைய முறைகளில் 'கொ' என்பது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி வர வேண்டும் என்பதால் கொம்பைப் பின்னால் நகர்த்தி, காலோடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்து முடித்த பிறகு அதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? டிஸ்கியில் இனிமேல் புதிதாக எழுத்துச் சேர்க்கப்போகிறவர் யார்? வேலை முடிந்த மென்பொருளுக்கும் கைவிடப்பட்ட மென்பொருளுக்கும் கமிட் தேதியில் வேறுபாடு தெரியாது. நிறுவி, ஒரு கோப்பைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இத்தனைக்கும், இதே நிறுவனத்திலிருந்துதான் ஒரு சனிக்கிழமை இரவு 'மிக அவசரம்' என்று எனக்கு மடல் வந்தது. அச்சகம் ஒன்றின் கோப்பு குழம்பி வருகிறது என்றார்கள். ஞாயிறு காலை உட்கார்ந்து பார்த்தேன். கோப்பின் பாதி பாமினியிலும் மீதி வேறோர் எழுத்துருவிலும் இருந்தது. இரண்டையும் பிரித்து, மாற்றி அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி வரவில்லை, அது போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணையில் கட்டம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எண்ணிக்கைதான் தகுதி என்றால் எஸ்கியூலைட்டை என்ன செய்வது? உங்கள் கைப்பேசியில், அது ஆண்ட்ராய்டோ ஐபோனோ, இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் அது. எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், வெளியார் அனுப்பும் நிரலை அவர்கள் பொதுவாக ஏற்பதும் இல்லை. ஆனால் மூல நிரலைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு சோதனை நிரல் வைத்திருக்கிறார்கள். பங்களிப்பாளர் கட்டத்தில் இதற்கும் சிவப்புதான் விழும். பதிப்பு எண்ணும் அப்படித்தான். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் 1993இல் தொடங்கியது, முழுமையான முதல் பதிப்பு என்று பொருள்படும் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008இல். அதற்குள் எத்தனையோ பேர் அதை அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதே 2008இல் வந்த, லினக்ஸ் கணினிகளுக்கான திரை இடைமுகமான கேடிஇ 4.0, எண்ணைப் பார்த்து நம்பி நிறுவியவர்களைப் படாதபாடு படுத்தியது.

'அப்படியானால் மதிப்பிடவே கூடாதா?' என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக மதிப்பிடுங்கள். 2004இல் கியூஎஸ்ஓஎஸ், 2005இல் ஓப்பன்பிஆர்ஆர் என்று இதற்கென்றே முறைகள் வந்திருக்கின்றன. ஆவணம், ஆதரவு, பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்து, எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பயன்படுத்துபவரின் தேவைக்கேற்ப முடிவு செய்யச் சொன்ன முறைகள் அவை. உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

'மேலாளருக்கு ஓர் எண் காட்ட வேண்டும்' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏழு என்று காட்டுங்கள், ராசியான எண்.

'ஹார்ட்பிளீட், எக்ஸ்இசட் எல்லாம் மறந்துவிட்டதா?' என்றும் ஒருவர் வருவார். மறக்கவில்லை, அவைதான் என் சாட்சிகள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளைத்தான் உலகத்தின் இணைய வழங்கிகளில் பெரும்பகுதி நம்பியிருந்தது. அதில் முழுநேரம் வேலை பார்த்தவர் ஒருவர். சந்தை அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது, கவனித்துக்கொள்ளத்தான் ஆளில்லை. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் கதை இன்னும் கசப்பானது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரிடம், வெளியீடுகள் தாமதமாகின்றன, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள் என்று முகமற்ற கணக்குகள் நச்சரித்தன. சுறுசுறுப்பான புதியவர் ஒருவர் உள்ளே வந்தார். கமிட்டுகள் குவிந்தன, வெளியீடுகள் வரிசையாக வந்தன, 2024இல் 5.6.0 பதிப்பில், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் பின்கதவும் வந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் இல்லையென்றால் அது எங்கெல்லாம் பரவியிருக்குமோ. உங்கள் அட்டவணை அந்த மாதம் எக்ஸ்இசட்டின் கமிட் தேதிக்கு அடர்பச்சை அடித்திருக்கும்.

ஆகவே 'ஏன் கமிட் இல்லை' என்ற கேள்வியை அப்பாவித்தனமான கேள்வியாக என்னால் இனி எடுத்துக்கொள்ள முடியவில்லை. சம்பளம் கொடுக்காதவர் வருகைப்பதிவேட்டை நீட்டுகிறார். உரிமத்தில் 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இன்றி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதையும் மீறி நான் பதில் எழுதிக்கொண்டிருந்தது என் விருப்பம்.

நாளைக்கே ஒரு காற்புள்ளியை நகர்த்தி ஒரு கமிட் போட்டால் என் வரி மஞ்சளாகிவிடும், தெரியும். போடப்போவதில்லை. நண்பர்கள் யாராவது அவர்களோடு பேசினால், சிவப்பு வரியை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அச்சகக் கோப்பு வரும்போது, பச்சையில் இருப்பவர்களுக்கே மடல் அனுப்பட்டும்.