டாமியின் கதை ஓட்டையாகவே இருக்கட்டும்

ராக் இசைப் பக்கமே போகாத ஒருவரிடம் 'டாமி' ஆல்பத்தின் கதையைச் சொல்லிப் பாருங்கள். முதல் உலகப் போரில் காணாமல் போன வாக்கர் என்ற பிரிட்டிஷ் கேப்டன், செத்துவிட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு வீடு திரும்புகிறார். மனைவி இன்னொருவரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார். அங்கே ஒரு கொலை நடக்கிறது. சின்னப் பையன் டாமி அதைப் பார்த்துவிடுகிறான். நீ எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பெற்றோர் அவன் மண்டையில் ஏற்றுகிறார்கள். அன்றோடு பையனுக்குக் கண் தெரியாது, காது கேட்காது, பேச்சும் வராது. அப்படியே வளர்ந்து, பின்பால் விளையாட்டில் (காசு போட்டு, இயந்திரத்துக்குள் உருளும் பந்தைத் தட்டித் தட்டி ஆடுவது) யாராலும் வெல்ல முடியாத ஆளாகிறான். ஒருநாள் அம்மா ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்க, போன புலன்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. அப்புறம் சாமியாராகிறான். பக்தர்களுக்கு ஒரு விடுமுறை முகாம் திறக்கிறான். பக்தர்கள் கடைசியில் அவனைத் தூக்கி எறிகிறார்கள். முற்றும்.

கேட்டவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கத்தான் செய்வார், கதை அப்படி. பின்பால் எங்கிருந்து வந்தது? கண்ணாடி உடைந்தால் காது ஏன் கேட்கிறது? இதற்கெல்லாம் ஆல்பத்தில் பதில் கிடையாது. ஆனாலும் 1969 மே மாதம் வந்த, 'ராக் ஆபரா' (பாட்டுகளாலேயே ஒரு முழுக் கதை சொல்லும் ராக் ஆல்பம்) என்று பெயர் வாங்கிய, தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த இரட்டை இசைத்தட்டை இன்றும் புதிதாகக் கண்டுபிடித்து மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கதை மோசம், பாட்டு பிரமாதம், அதனால் நிற்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை பாதி சொல்லப்பட்டு விடப்பட்டிருப்பதால்தான் நிற்கிறது என்பது என் கட்சி.

அந்தக் கொலையையே எடுத்துக்கொள்வோம். '1921' என்ற பாட்டில் அது நடப்பதாகத்தான் நாம் எல்லோரும் பேசுகிறோம். பாட்டை உட்கார்ந்து கேளுங்கள், கொலை என்ற பேச்சே இல்லை. இந்த வருடம் நல்ல வருடமாக இருக்கும் என்று ஒரு ஜோடி மெதுவாக, கொஞ்சம் காதலோடு பாடுகிறது. திடீரென்று, பையன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டானே என்று ஒரு பதற்றம். உடனே அந்த மிரட்டல். யார் வந்தார், யாரை யார் என்ன செய்தார் என்று ஒரு வரி கிடையாது. குற்றம் நம் காதுக்கு வருவதில்லை. குற்றத்தை மறைக்கப் பெரியவர்கள் படும் அவசரம் மட்டும்தான் வருகிறது. அந்த அறையில் இருந்த குழந்தைக்கும் அவ்வளவுதான் புரிந்திருக்கும். வீட்டில் நடந்த ஏதோ ஒன்றைப் பற்றி வெளியே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட எவருக்கும் அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும். கொலையைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் அது கேப்டன் வாக்கரின் வீட்டுக் கதையாகச் சுருங்கிப் போயிருக்கும்.

இதை எழுதிய, குழுவின் கித்தார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் ஒன்றும் பெரிய திட்டம் போட்டு இந்த மௌனத்தை வைத்ததாக நான் நினைக்கவில்லை. 1968இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், இன்னும் எழுதி முடிக்காத இந்தக் கதையைப் பக்கம் பக்கமாக விளக்கித் தள்ளியவர் அவர். சொன்ன பிறகு எழுதித்தானே ஆக வேண்டும்! லண்டன் ஐபிசி ஸ்டூடியோவில் அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பதிவு அடுத்த மார்ச் வரை இழுத்தது. மேடையில் கித்தாரை உடைத்து உடைத்துச் சேர்ந்த கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. வாரக் கடைசிகளில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்ப் பணம் பார்த்துவிட்டு, வந்து பதிவு செய்தார்கள். பின்பால் வந்த கதையும் இந்த லட்சணம்தான். ஆல்பம் ஏறக்குறைய உருவான நிலையில் அதைக் கேட்ட விமர்சகர் நிக் கோனுக்கு விஷயம் ரொம்பக் கனமாகப் பட்டது. அவருக்குப் பின்பால் பைத்தியம் உண்டு என்பது டவுன்ஷெண்டுக்குத் தெரியும். சரி, நம் பையன் பின்பால் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதியதுதான் 'பின்பால் விசர்ட்'. விமர்சகரைக் குளிர்விக்க எழுதிய பாட்டு குழுவின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. வேகவேகமாக அடிக்கும் அந்த அக்கூஸ்டிக் கித்தாரைக் கேட்டால் யார்தான் காரணம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் டாமியின் அடியில் ஓடுவது பின்பால் இல்லை, மெஹர் பாபா.

1960களின் இறுதியில் இங்கிலாந்து இசைக்காரர்கள் இந்திய குருக்களைத் தேடிப் போனது தெரிந்த கதை. பீட்டில்ஸ் 1968இல் ரிஷிகேஷ் போனார்கள், வந்தார்கள். டவுன்ஷெண்ட் பிடித்துக்கொண்டது புனேயில் பிறந்த மெஹர் பாபாவை. அறிமுகம் செய்தவர் டாமியின் அட்டை ஓவியத்தை வரைந்த மைக் மெக்கின்னர்னி. பாபா 1925 ஜூலை 10 அன்று பேச்சை நிறுத்தியவர். முதலில் எழுத்துப் பலகையைக் காட்டியும், பிறகு கைச்சைகையாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மௌனத்தைக் கலைப்பார் என்று பக்தர்கள் காத்திருந்தார்கள். கலைக்காமலே 1969 ஜனவரி 31 அன்று இறந்தார். ஆல்பம் வெளிவர நான்கு மாதம்கூட இல்லை. இசைத்தட்டின் உறையில் அவதாரம் என்று பாபாவின் பெயர் போடப்பட்டிருக்கிறது. வாய் பேசாத குருவின் பக்தர், வாய் பேசாத பையனைப் பற்றிப் பாட்டெழுதுகிறார். போதை மாத்திரையால் கடவுளைக் காண முடியாது என்பதில் பாபா கறாராக இருந்தவர். டவுன்ஷெண்டும் அவர் வழியில் அதை விட்டவர். அதனால்தான் 'ஆசிட் குயின்' பாட்டில் வரும் பெண் எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும் டாமிக்கு ஒன்றும் ஆவதில்லை. 1969இல், அதுவும் ஒரு ராக் குழு, போதையால் பயன் இல்லை என்று பாடியதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சரி, பக்திப் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் பக்கத்துக்கு வந்தால்தான் சிக்கல். புலன்கள் திரும்பிய டாமி குருவாகிறான். கூட்டம் சேருகிறது. முகாம் போடுகிறார்கள். வாசலில் நின்று பல்லிளித்து வரவேற்கிற ஆள் யார் தெரியுமா? சின்ன வயதில் டாமியைச் சீரழித்த அதே எர்னி மாமா. உள்ளே வந்த பக்தர்கள் கண்ணை மறைத்து, காதை அடைத்து, வாயை மூடிக்கொண்டு பின்பால் ஆட வேண்டுமாம். அப்போதுதான் டாமி கண்டது அவர்களுக்கும் கிடைக்குமாம். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் பொங்கி, உன்னை ஏற்க மாட்டோம், உன் மதமும் வேண்டாம் என்று கத்துகிறது.

குரு பக்தியின் உச்சத்தில் இருந்த ஒருவர் எழுதிய முடிவு இது என்பதுதான் என்னால் தாண்டிப் போக முடியாத விஷயம். நாத்திகர் எழுதியிருந்தால் கிண்டல் என்று விட்டுவிடலாம். இங்கே கிண்டல் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று வெல்லவில்லை. ஒருவனுக்கு உண்மையாகவே ஏதோ கிடைத்தது. அதை அவன் அடுத்தவனுக்குத் தர முயன்றபோது அது ஒரு நிறுவனமாகி, ரசீது போட்டு, அழுகிவிட்டது. நம்மூர் வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வருவதுதான் பெரிய ஓட்டை. கூட்டம் போன பிறகு டாமி தனியாக, தன்னைப் பார்க்கவும் தொடவும் குணப்படுத்தவும் கேட்டு அந்தச் சின்ன மெட்டைப் பாடுகிறான். பிறகு, உன்னைக் கேட்கிறேன், உன்னிடமிருந்தே எனக்கு எல்லாம் கிடைக்கிறது என்கிற பொருளில் ஒரு பெரும் எழுச்சி. அந்த 'உன்னை' யாரை? கடவுளையா, ஓடிப்போன கூட்டத்தையா, கண்ணாடியில் தெரியும் தன்னையா? பையன் திரும்பவும் தனக்குள் போய்விட்டானா, மீண்டுவிட்டானா? தெரியாது. இசை மட்டும் மேலே மேலே ஏறுகிறது. அந்த மெட்டு நமக்குப் புதிதும் இல்லை. ஆல்பத்தின் தொடக்க இசையான ஓவர்ச்சரிலேயே கேட்டாகிவிட்டது, மருத்துவர் டாமியைச் சோதிக்கும் இடத்திலும் வந்து போயிருக்கிறது. 'கிறிஸ்மஸ்' பாட்டில், பிரார்த்தனை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை எப்படிக் கரையேறுவான் என்று அப்பா புலம்புகிறார். அதன் நடுவே பையனின் குரல் முதன்முதலாக உள்ளிருந்து கேட்கிறது. கதை எங்கெங்கோ அறுந்து கிடக்க, மெட்டுகள்தான் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. ஆபரா என்ற பெயருக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை.

தயாரிப்பாளர் கிட் லாம்பர்ட்டின் அப்பா கான்ஸ்டன்ட் லாம்பர்ட் மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர். மகனுக்கு இதில் முழு ஆர்கெஸ்ட்ரா வைக்க ஆசை. டவுன்ஷெண்ட் ஒப்புக்கொள்ளவில்லை, நல்லவேளை. நான்கு பேரும் மேடையில் வாசிக்கக்கூடியதாகவே வைத்தார்கள். ஜான் என்ட்விசில் பேஸ் கித்தாரோடு பிரெஞ்சு ஹார்னையும் ஊதினார். கீத் மூன் தாளம் போட்டார் என்று சொல்ல முடியாது. பாட்டோடு பேசிக்கொண்டே போகிறார், பல இடங்களில் அவர்தான் ஆர்கெஸ்ட்ரா. அதுவரை ஆவேசமாகக் கத்துகிற பாடகர் என்று பெயர் வாங்கியிருந்த ரோஜர் டால்ட்ரிக்கு இந்த ஆல்பத்தை மேடைமேடையாகப் பாடித்தான் தன் குரல் முழுதாகக் கிடைத்தது. 1969 ஆகஸ்ட் 17 விடியற்காலை அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் இதைப் பாடினார்கள். நடுவில் மேடையேறி அரசியல் பேச வந்த அமெரிக்கப் போராளி அபி ஹாஃப்மனை டவுன்ஷெண்ட் கித்தாராலேயே விரட்டினார். கடைசிப் பாட்டு நடக்கும்போது சூரியன் உதித்தது. குழுவில் யாருக்கும் அந்த விழா பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அடுத்த ஜூனில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கிலேயே போய் இதை வாசித்தார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சரிசெய்யப் பலர் முயன்றிருக்கிறார்கள், டவுன்ஷெண்டே அதில் கூட்டு. 1972இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து லூ ரைஸ்னர் ஒன்று தயாரித்தார். பளபளப்பு உண்டு, உயிர் குறைவு. 1975இல் கென் ரஸ்ஸல் படம். அதில் போர் இரண்டாம் உலகப் போராகிறது, செத்துப் போகிறவர் அப்பாவாகிறார், கொல்கிறவர் அம்மாவின் புதுத் துணை. ஆல்பம் எவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறது பாருங்கள், கொலைகாரனையே மாற்றிப் போட முடிகிறது. டீனா டர்னரும், ராட்சத பூட்ஸ் போட்ட எல்டன் ஜானும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார்கள். அம்மாவாக நடித்த ஆன் மார்கிரெட் டிவியிலிருந்து கொட்டும் பீன்ஸில் புரளும் காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பார்வையற்ற பையனின் உள்ளே நடப்பதைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன மிச்சம் இருக்கும்?

1993இல் டெஸ் மெக்கானஃப் இயக்கத்தில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போனது. விருதுகள் குவிந்தன. அங்கே டாமி கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் என்னைப் போல ஆக வேண்டாம், சாதாரணமாக இருப்பதே நல்லது என்கிறான். பிறகு குடும்பத்தோடு ஒன்று சேர்கிறான். ஆக, அந்த 'உன்னை' குடும்பத்துக்கு என்று முடிவாகிவிட்டது. அவனை ஊமையாக்கியதே அந்தக் குடும்பம்தானே ஐயா! கேள்வியாக நின்ற ஒன்றுக்குச் சுபம் போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதில் ஒட்டவே இல்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனை உருவகமாக மட்டும் பயன்படுத்தி, ஒரு கண்ணாடி உடைந்ததும் அற்புதமாகக் குணமாக்குவது இன்று கேட்கும்போது நெருடுகிறது, நெருடத்தான் வேண்டும். எர்னி மாமா பாட்டு வேடிக்கைத் தொனியில் வருவதும் பலருக்குச் சகிக்காது. அந்தப் பாட்டையும், டாமியைக் கொடுமைப்படுத்தும் உறவுக்காரப் பையன் கெவின் பாட்டையும் டவுன்ஷெண்டால் எழுத முடியவில்லை, என்ட்விசிலைக் கேட்டு எழுதி வாங்கினார். ஏன் முடியவில்லை என்பது 2012இல் வந்த அவருடைய தன்வரலாற்றைப் படித்தால் புரியும். சிறு வயதில் பாட்டி வீட்டில் விடப்பட்ட காலத்தின் காயங்களை அதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்த வேடிக்கைத் தொனி எனக்கு இன்னும் பயங்கரமாகத்தான் கேட்கிறது. 'வெல்கம்' பாட்டு இழுவை. அதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

இதே குழுவின் 'குவாட்ரோஃபீனியா' இசையில் இதைவிட நேர்த்தி என்று சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' கதைக்கட்டில் இதைவிட இறுக்கம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவை இரண்டும் யாருடைய கதை என்று எனக்குத் தெரியும். டாமி யாருடைய கதை என்று ஒவ்வொரு முறையும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள், கதைச் சுருக்கத்தையும் தேடிப் படிக்காதீர்கள் (மேலே நான் சொல்லிவிட்டேன், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது). முதல் இரண்டு பக்கங்களை ஒரே மூச்சில் கேளுங்கள். பிடித்துப்போனால், 1970 பிப்ரவரியில் லீட்ஸில் இதே ஆல்பத்தை அவர்கள் மேடையில் வாசித்த பதிவு இருக்கிறது, 2001இல் வந்த விரிவான பதிப்பில் கிடைக்கும். அங்கே வேகமும் கூடுதல், சத்தமும் கூடுதல். ஸ்டூடியோ பதிவில் இரண்டாம் பக்கம் முடியும் இடத்தில் 'அண்டர்ச்சர்' என்று பத்து நிமிட வாத்திய இசை வரும். பொறுமை இல்லையென்றால் தாண்டிப் போங்கள், நானும் பல நாள் தாண்டியிருக்கிறேன்.